குழிக்கு நல்ல மாதம்

"எந்த மாசத்துல தோண்டினா நல்லது?"
ஆறுச்சாமி கேட்டது தை கடைசியில்.
முதலமடை மாந்தோப்பு நடுவில் நிற்கிறோம்,
அவர் கையில் என் விலைப்பட்டியல்
நாலாக மடிந்து, வியர்வையில் நனைந்து.
இருபதடிக்குப் பத்தடி. நாலரை ஆழம்.
நீலச் சில்லு ஓடு.

பதினோரு வருஷமாக நீச்சல் குளம் கட்டுகிறேன்,
இதற்கு ஒரு பதில் எப்போதும் சட்டைப் பையில் உண்டு:
மழை ஓய்ந்து, மண் இறுகி, வெயில் ஏறும் முன்னால்.
கோயம்புத்தூரில் அது சரி.
கணவாயின் வாய்க்கு நேரே எடுபடாது.
மார்கழியில் கிளம்பும் கிழக்குக் காற்று
மாசி முடியும்வரை
ஈரச் சிமென்டை நக்கிக்கொண்டே போகும்;
காலையில் பூசியது மத்தியானத்துக்குள்
குதிகாலாய் வெடித்துக் கிடக்கும்.
சரி, பங்குனி என்றால்
கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது.
ஆனியில் ஒரு நாள் தென்மலை காணாமல் போகும்,
அதற்கப்புறம் எந்தக் குழியும்
தவளை பேரில் பட்டா.

கொத்தனார் ரசாக் பீடியை அணைத்துவிட்டு
கொல்லங்கோட்டு டாக்டர் வீட்டுக் கதையைச் சொன்னார்.
ஆடி மழையில் கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்தார்களாம்.
அடியில் ஊறிய தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக
மொத்தத் தொட்டியையும் ஒரு சாண் தூக்கிவிட்டது.
"தண்ணி இல்லாத குளம் தோணி ஆயிரும் சார்."
ஆறுச்சாமி சிரிக்கவில்லை.

"பிரேமா புள்ளைங்களுக்கு ஜூலை ஆகஸ்ட்தான் லீவு.
மஸ்கட்ல டிக்கெட் எடுத்தாச்சு."

நல்ல மழையில் வந்து
நல்ல மழையில் போகிற பிள்ளைகள்.
நான் பட்டியலைத் திரும்ப வாங்கி
மாசி என்று எழுதிக் கொடுத்தேன்.

மாங்காய் லாரிகள் பாதையை அடைத்ததில்
பிஜுவின் ஜேசிபி மூன்று நாள்
செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் நின்றது.
ஐந்தடியில் பாறை. அதற்கு இன்னும் நாலு நாள்.
பூசிய பிறகு காற்றோடு சண்டை:
சுவரெல்லாம் சாக்கைப் போர்த்தி
மூன்று மணிக்கொரு தரம் நனைக்கச் சொன்னேன்.
ஆளை நம்பாமல் அவரே நனைத்தார்.
இருபத்தொரு ராத்திரி,
தலையில் துண்டு, கக்கத்தில் டார்ச்,
நோயாளிக்கு நெற்றிப் பத்துப் போடுகிறவர் போல.

சித்திரையில் ஐயாயிரம் லிட்டர் லாரி, ஐந்து நடை.
எல்லையில் நிறுத்தி
என்ன சரக்கு என்று கேட்டார்கள்.
டிரைவர் மூடியைத் திறந்து காட்டினான்.
எட்டிப் பார்த்தவர்
முகத்தைக் கழுவிக்கொண்டு விட்டுவிட்டார்.
மிச்ச வெயில் நாளெல்லாம்
யாரும் இறங்காத அந்தத் தண்ணீர்
தினம் ஒரு நூல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை பத்தாம் தேதி
பாக்கிப் பணத்துக்குப் போனேன்.
தென்மலை இல்லை. தோப்பில் பாதியும் இல்லை.
வராந்தாவிலிருந்து பிரேமா கத்துகிறாள்,
மழைச் சத்தத்தில் வாய் மட்டும் அசைகிறது.
குளம் விளிம்பில் தளும்ப
என் கண் முதலில் வழிகுழாயைத் தேடியது,
அப்புறம்தான் தெரிந்தன
நீர்மேல் இரண்டு தலைகள்.
உதடு கருத்துப்போன பையன்
எங்களைப் பார்த்ததும் சொன்னான்:
"மேலதான் குளிருது.
உள்ள இன்னும் வெயில் இருக்கு."
சொல்லிவிட்டு முங்கினான்.

ஆறுச்சாமி குடையை
அவன் முங்கிய இடத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்,
தான் நனைந்துகொண்டு.

வாசலில் நோட்டுகளை எண்ணினார்.
எச்சில் வேண்டியிருக்கவில்லை.
"புள்ளைங்க போனப்புறம் காலி பண்ணிராதீங்க" என்றேன்.
"பண்ணுவனா."
எண்ணி முடித்ததில்
ஐயாயிரம் மட்டும் மறுபடி மடிக்குள் போனது.
"ஐப்பசி மழை முடியட்டும்.
மெதக்குதான்னு பாத்துட்டுத் தர்றேன்."